சாவதற்குத் தமிழ், எண்ணுவதற்கு ஆங்கிலமா?

நீலமலையில் குன்னூரை அடுத்துள்ள வெலிங்டனில் இரண்டு படைநிலையங்கள் உள்ளன. ஒன்று, மதராசுப் படையணியின் பயிற்சி நடுவம். 1758-ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் அப்படையணி, இந்தியத் தரைப்படையின் காலாட்படையணிகளுள் மிகப் பழையது. அங்குப் புதிதாய்ச் சேர்ந்த இளைஞன் சுடுகலன் முனையில் கூர்வாளைப் பொருத்திக்கொண்டு வைக்கோற் பாவையின்மீது பாயும்போது, "வீர மதராசி! அடி கொல்லு! அடி கொல்லு!" என்று முழங்குகின்றான். அம்முழக்கம் மலைமுகட்டில் மோதி எதிரொலிக்கின்றது.

மற்றொன்று, முப்படை அலுவலர் கல்லூரி. 1905-இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907-இல் குவெட்டாவுக்குச் சென்று, 1947-இல் நாடு பிரிந்தபோது வெலிங்டனுக்கு வந்து சேர்ந்தது அது. தரை, கடல், வான் என்னும் முப்படைகளிலிருந்தும் தேர்ந்தெடுத்த நடுநிலை அலுவலர்கள் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அங்குத் தங்கிப் போர்க்கலையை நுணுகிக் கற்கின்றனர், ஆய்வேடு எழுதுகின்றனர். அவர்க்கு முதுநிலைப் பட்டம் வழங்குவது எது தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகம்! தமிழ் மண்ணில் கல்லூரி. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம். ஆயினும் விரிவுரை ஆங்கிலம், ஆய்வேடு ஆங்கிலம், இதழும் ஆங்கிலம்!

ஆக, ஒரே ஊரில் ஓரிடத்தில் கொல்லவும் சாகவும் தமிழ். மற்றோரிடத்தில் எண்ணவும் எழுதவும் ஆங்கிலம். பகைவன்மேல் பாய்கின்ற மறவனுக்குத் தாய்மொழி வேண்டும் என்பதை அறிந்தவர்கள், அம்மறவனை நடத்திச் செல்லும் அறிவுக்குத் தாய்மொழி வேண்டுவதில்லை என்று முடிவு கட்டியவர்கள் யார்? எந்த மன்றத்தில், எந்த ஆராய்ச்சியின்மேல் அம்முடிவு எடுக்கப்பட்டது? ஆங்கிலேயன் வைத்துச் சென்றதை அப்படியே வைத்துக்கொண்டோம் என்பதைத் தவிர இதற்கு வேறு விடை உண்டா?

மூன்று வாயில்கள்

தமிழ் இளைஞனே! நீ படைக்குள் புகும் வாயில்களை ஒன்றொன்றாக எண்ணிப் பார்.

முதல் வாயில், சிறுவர்க்கு உரியது. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962-இல் தொடங்கிய படைப்பள்ளி உள்ளது. சைனிக் பள்ளி என்று அதனை அழைப்பர். இத்தகைய பள்ளிகளில் ஆறாம் வகுப்பில் சேர்வதற்கான அனைத்திந்திய நுழைவுத் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் எழுதலாம். ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டுமாயின் ஆங்கிலம் ஒன்றே!

இரண்டாம் வாயில், அடிநிலைப் படைஞர்க்கு உரியது. 2025-ஆம் ஆண்டின் அக்கினி வீரர் பொது நுழைவுத் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்தப்பட்டது. உள்துறையின்கீழ் உள்ள நடுவண் காவற்படைகளின் காவலர் தேர்வும், தமிழ்நாடு எழுப்பிய எதிர்ப்புக் குரலுக்குப் பின்னர், 2024 முதல் ஆங்கிலம், இந்தி நீங்கலாக மேலும் 13 மொழிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

மூன்றாம் வாயில், அலுவலர்க்கு உரியது. கடக்வாசலாவில் உள்ள நாட்டுப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் சேர்வதற்கு நடுவண் தேர்வாணையம் நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 900 மதிப்பெண். கணக்கிற்கு 300, பொதுத்திறனுக்கு 600. அந்த 600-இல் 200 ஆங்கில மொழிக்கே உரியது. எஞ்சிய 700 மதிப்பெண்ணுக்கான வினாக்களும் ஆங்கிலம், இந்தி என்னும் இரண்டு மொழிகளில் மட்டுமே அச்சிடப்படுகின்றன.

இதன் பொருள் என்ன? கங்கைக் கரைச் சிற்றூர் மாணவன் 700 மதிப்பெண்ணுக்கான வினாக்களைத் தான் பள்ளியில் பயின்ற மொழியில் படிக்கின்றான். உசிலம்பட்டிச் சிற்றூர் மாணவனோ அதே கணக்கை, அதே இயற்பியலை, அதே புவியியலைத் தான் பயிலாத மொழியில் படித்துப் பொருள் பிரித்தறிந்து பின்னரே விடை தேட வேண்டியவனாகின்றான். மணித்துளிகளை எண்ணி நடத்தும் தேர்வில் இஃது ஒருவன் காலில் கல்லைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் நடத்துவதன்றி வேறென்ன?

பத்து அகவைச் சிறுவனுக்குத் தமிழ் ஆகும். சுடுகலன் ஏந்திப் பனிமலையில் நிற்பவனுக்குத் தமிழ் ஆகும். அவனுக்கு ஆணையிடும் நிலைக்கு வர விரும்புவோனுக்கு மட்டும் தமிழ் ஆகாது! வினாத்தாளைத் தமிழில் அச்சிட இயலாது என்று இனி எவரும் கூற முடியாது. அடிநிலைத் தேர்வுக்கு இயன்றது மேனிலைத் தேர்வுக்கு இயலாமற் போனது ஏன்? பாதுகாப்புத் துறை தன் படைஞர்க்கென வெளியிடும் இதழ் 1909-இல் தொடங்கியது. அதனைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் அத்துறையே வெளியிட்டு வந்துள்ளது. படைச் செய்தியைத் தமிழில் எழுத இயலும். படைக்கல்விக்கான வினாவை எழுத இயலாதோ? இது மொழியின் இயலாமையன்று. கீழே இருப்பவன் கீழேயே இருக்க வேண்டும் என்னும் பழைய ஏற்பாட்டின் எச்சம் என்க.

புருசியா தோற்றுக் கற்ற பாடம்

படைக்கல்வி என்பது இன்று உலகெங்கும் தனித்துறையாக வளர்ந்துள்ளது. அதன் ஊற்றுக்கண் எங்குள்ளது என்று தேடினால், தோல்வியுற்ற ஒரு நாட்டில் உள்ளது.

புருசிய மன்னன் இரண்டாம் பிரடெரிக்கு பெரும்போர் வல்லவன். ஆனால், செருமானிய மண்ணை ஆண்ட அவன் எழுதியதும் எண்ணியதும் பிரஞ்சு மொழியில். போர்க்கலை பற்றி அவன் எழுதிய நூலும் பிரஞ்சிலேயே எழுதப்பட்டது. தன் படைத்தலைவர்க்கு வழங்குவதற்காக அதனைச் செருமானியத்தில் பெயர்க்க வேண்டியதாயிற்று! 1765-இல் பெர்லினில் அவன் நிறுவிய உயர்குடி இளைஞர் கல்விக்கழகத்திலும் பயிற்றுமொழி பிரஞ்சு. அவன் மறைந்து இருபதாண்டு கடந்த சில திங்களிலேயே, 1806-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், யேனா, அவர்சுடெட்டு என்னும் இரு களங்களில் ஒரே நாளில் புருசியப் படை நெப்போலியப் படையிடம் நொறுங்கிப் போயிற்று.

மொழியொன்றினால் மட்டுமே புருசியா தோற்றது என்று யாம் கூறவில்லை. பழம்பெருமையில் உறங்கிய தலைமை, உயர்குடியார்க்கே உரிய பதவிகள், அடித்து ஆட்டிவைக்கப்பட்ட படைஞர்கள் ஆகிய அனைத்துமே அத்தோல்விக்குக் கரணியங்கள். ஆனால் தோற்றபின் அவர்கள் செய்தது என்ன என்பதே நாம் கற்க வேண்டியது.

உழவர் குடும்பத்தில் பிறந்த சார்னோர்சுட்டு என்னும் படைத்தலைவர் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தினார். 1808-ஆம் ஆண்டு ஆகத்து 6-ஆம் நாள் வெளிவந்த ஆணை, பிறப்பால் வரும் முன்னுரிமையை ஒழித்தது. அமைதிக் காலத்தில் அறிவும் கல்வியும், போர்க்காலத்தில் துணிவும் ஊன்றிநோக்கும் திறமுமே அலுவலர் பதவிக்குத் தகுதி என்று அறிவித்தது. 1810-இல் பெர்லினில் பொதுப் போர்ப்பள்ளி திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அதே நகரில்தான் பெர்லின் பல்கலைக்கழகமும் திறக்கப்பட்டது. நாட்டின் அறிவும் நாட்டின் படையும் ஒருங்கே கண் விழித்தன.

அப்போர்ப்பள்ளியின் தலைவராக 1818 முதல் 1830 வரை இருந்தவர் கிளாசெவிட்சு. அவர் எழுதிய "போர் பற்றி" என்னும் நூல், அவர் மறைந்தபின், 1832 முதல் அவர் மனைவி மேரியின் முயற்சியால் வெளிவந்தது. இன்றும் வெலிங்டன் முதல் வாசிங்டன் வரை போர்க்கல்லூரி மாணவர் அனைவரும் அந்நூலைக் கற்கின்றனர். அது பிரஞ்சில் எழுதப்படவில்லை. கிளாசெவிட்சு தம் தாய்மொழியாம் செருமானியத்தில் எண்ணி, தாய்மொழியில் ஐயுற்று, தாய்மொழியில் எழுதினார். கடன்வாங்கிய மொழியில் பிறர் கூறியதைத் திரும்பக் கூறலாம். புதியதொன்றைக் கண்டுரைக்கத் தன்மொழி வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று தேவையா?

சப்பான் பெயர்த்துக் கற்றது

"செருமானியம் ஐரோப்பிய மொழி, அதற்கு அறிவியற் சொல் உண்டு. கிழக்கத்திய மொழிகளுக்கு ஏது?" என்பார் சிலர். அவர்கள் சப்பானைப் பார்க்கட்டும்.

சப்பானியத் தரைப்படைக் கல்லூரி 1883-இல் பாடம் தொடங்கியது. 1885-இல் மெக்கெல் என்னும் செருமானிய அலுவலரை வரவழைத்தார்கள். அவர் மூன்றாண்டு அங்குக் கற்பித்தார். சப்பானியர் அதற்காகத் தம் படைக்கல்லூரியின் மொழியையே செருமானியமாக மாற்றிவிடவில்லை. அவர் தம் மொழியில் விரிவுரையாற்ற, மொழிபெயர்ப்பாளர் அதனைச் சப்பானியத்தில் வழங்கினர். சொல் இல்லாத இடத்தில் சொல் படைத்தனர். படை மருத்துவரும் பெரும்புதின ஆசிரியருமான மோரி ஓகாயி, கிளாசெவிட்சின் நூலைப் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டார். 1903-இல் அந்நூல் சப்பானியத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே தொடங்கிய போரில் சப்பான் உருசியப் பேரரசை எதிர்த்து நின்று 1905-இல் வென்றது. பின்னாளில் அதே படை அண்டை நாடுகளில் இழைத்த கொடுமைகளை எவரும் மறக்கவோ மறைக்கவோ வேண்டா. ஆயினும் ஒரு கிழக்கத்திய மொழியில் தற்காலப் போர்க்கல்வி முழுவதையும் கற்பிக்க இயலும் என்பது ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது.

புதின ஆசிரியர் ஒருவர் போர்நூலைப் பெயர்த்தார்! நம் புதின ஆசிரியரும் நம் படை அலுவலரும் ஒருவரையொருவர் கண்டதுண்டா?

"ஒரே படைக்கு ஒரே மொழி" என்பார்க்கு

இனி, நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. "குண்டு பாயும் களத்தில் பதினான்கு மொழியில் ஆணையிட முடியுமா? பல்மொழி நாட்டின் படைக்குப் பொதுமொழி ஒன்று வேண்டாவா?" என்பது அது. இவ்வினாவைப் புறந்தள்ள முடியாது. விடை கூறியாக வேண்டும்.

ஏவல்மொழி வேறு, கல்விமொழி வேறு. "நில், செல், சுடு" என்பதற்குப் பொதுமொழி ஒன்று இருக்கட்டும். பழைய ஆசுத்திரிய-அங்கேரிப் பேரரசின் பொதுப்படையில் செருமானிய ஏவற்சொற்கள் ஏறத்தாழ 80 மட்டுமே. அவற்றை அனைவரும் கற்றனர். படைஞரோடு பேசிப் பழகுவதற்கு அவ்வப் படையணி மொழி ஒன்று இருந்தது. அதனைக் கற்க வேண்டியவர் அலுவலரே. அப்பேரரசு 1918-இல் சிதைந்தது உண்மை. ஆனால் 1914 முதல் நான்காண்டுக் காலம் அப்பன்மொழிப் படை களத்தில் நின்றதும் உண்மை.

சுவிட்சர்லாந்துப் படையில் இளைஞர் தத்தம் மொழியில், செருமானியம், பிரஞ்சு, இத்தாலியம் என, பயிற்சி பெறுகின்றனர். அந்நாடு சிதைந்தா போயிற்று? கனடாவில் பிரஞ்சு பேசுவோர் படை அலுவலர் பதவிகளில் பின்தங்கியிருந்தனர். அக்குறை தீர 1952-இல் செயின்ட்சான் என்னுமிடத்தில் அவர்க்கென ஒரு படைக்கல்லூரியே நிறுவப்பட்டது. செலவு மிகுதி என்று 1995-இல் அதனை மூடினார்கள். 2008-இல் மீண்டும் திறந்தார்கள்.

மறுத்தவர் நிலை என்னாயிற்று? பெல்சியத்தைக் காண்க. முதல் உலகப் போரில் இசேர் ஆற்றங்கரைப் பதுங்குகுழிகளில் நின்ற பெல்சியக் காலாட்படைஞருள் பெரும்பாலோர் பிளெமியர். அலுவலர் உலகமோ பிரஞ்சு உலகம். 1917-இல் அப்பதுங்குகுழிகளிலேயே பிளெமியப் படைஞர் இயக்கம் முளைத்தெழுந்தது. போர் முடிந்து பத்தாண்டுக்குப் பின் 1928-இலும், அடுத்து 1938-இலும் சட்டம் இயற்றிப் படைஞர்க்கு அவரவர் மொழியில் பயிற்சி என்பதை ஏற்றனர். முன்னமே கொடுத்திருந்தால் உறவாக இருந்திருக்கும். போராட வைத்துக் கொடுத்ததால் வடுவாக நின்றது. மொழியுரிமை படையைப் பிளக்காது; மொழிமறுப்பே பிளக்கும்.

"கல்விக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் நுழைவிலேயே ஆங்கிலம் வேண்டும்" என்பது மற்றொரு வாதம். நாட்டுப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் பயிற்சி மூன்றாண்டு. அதன்பின் தேராதூனில் ஓராண்டு. ஊரில் இந்தி கேட்டறியாத தமிழ்ப் படைஞன் சில திங்களில் ஏவல் இந்தியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கின்றீர்களே. தேர்ந்தெடுத்த கூர்மதி இளைஞன் நான்காண்டில் ஆங்கிலம் கற்றுக்கொள்ள மாட்டானா? ஆங்கிலம் கற்க வேண்டா என்று யாம் கூறவில்லை. அறிவை வாயிலில் சோதியுங்கள். ஆங்கிலத்தை உள்ளே கற்பியுங்கள் என்கின்றோம்.

பூட்டிய அறை

கல்வி இந்நிலையெனில் ஆராய்ச்சி எந்நிலை? 1962-ஆம் ஆண்டுச் சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்து எண்டர்சன் புரூக்சும் பகத்தும் 1963-இல் அளித்த அறிக்கையை அரசு இன்றளவும் முறைப்படி வெளியிடவில்லை. ஒரு பகுதி 2014-இல் வெளிநாட்டு இதழாளர் ஒருவர் வழியே வெளிவந்தது! தோல்வியைத் திறந்து படித்த புருசியா எழுந்தது. தோல்வியைப் பூட்டி வைத்த நாடு எதனைக் கற்கும்? 2021-இல் பாதுகாப்புத் துறை புதிய நெறிமுறை வகுத்தது. போர் வரலாறுகளை ஐந்தாண்டுக்குள் தொகுக்க வேண்டும், ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டில் திறக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. நன்று. அந்நெறிமுறை ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

நாட்டுப் பாதுகாப்புப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் 1967-இலேயே எழுந்தது. கார்கில் போருக்குப் பின் திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த குழு அதற்குத் திட்டம் தந்தது. 2013-இல் அன்றைய தலைமையமைச்சர் அரியானாவின் பினோலாவில் அடிக்கல் நாட்டினார். அடிக்கல் நாட்டிப் பத்தாண்டு கடந்தும் பல்கலைக்கழகம் எழவில்லை. எழும்போதாவது அஃது எந்த மொழியில் எண்ணும் என்று இப்போதே கேட்க வேண்டாவா? பூட்டு இரண்டு: ஒன்று கமுக்கப் பூட்டு, மற்றொன்று மொழிப் பூட்டு. கமுக்கப் பூட்டைத் திறந்தாலும் மொழிப் பூட்டு இருக்கும் வரையில், வரி கொடுக்கும் உழவனும் மகனைக் கொடுக்கும் தாயும் அவ்வறைக்கு வெளியேதான் நிற்பர்.

நம் குற்றம்

பிறரைக் குறை கூறிவிட்டு அமைதல் எளிது. நம் முதுகைப் பார்ப்போம்.

தொல்காப்பியப் புறத்திணையியல், நிரைகவர்தல் முதல் மதில் முற்றுகை வரை போரைத் துறைதுறையாகப் பகுத்தது. திருக்குறள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று முறைவைத்து ஓதியது. படைமாட்சிக்கும் படைச்செருக்குக்கும் தனித்தனி அதிகாரம் தந்தது. அவற்றுக்கு ஆயிரம் உரை எழுதினோம். வழங்கற்படை எவ்வாறு இயங்குகின்றது, மலைப்போரில் உணவும் குண்டும் எவ்வாறு மேலேறுகின்றன, வேவுச் செய்தியை எவ்வாறு நிறுத்து நோக்குவது என்று தமிழில் எத்துணை நூல் எழுதினோம்? பழம்புகழைப் பாடுவதற்கு ஓயாத நா, புதுநூல் எழுதுவதற்கு ஏன் எழவில்லை?

செங்கற்பட்டில் பிறந்த சுந்தர்சி 1986-இல் இந்தியத் தரைப்படையின் தலைமைக்கு வந்தார். அதற்கு முன்னர், 1980-களின் தொடக்கத்தில், மாவ் போர்க்கல்லூரியின் தலைவராக இருந்தபோது அணுப்படைக்கலம் பற்றிய கருத்தாராய்ச்சியைத் தொகுத்து வெளியிட்டார். அவர் தலைமைக் காலத்தில், 1987-இல், ஈழம் சென்ற படையின் கதை தனியே, கண்ணீரோடு எழுதப்பட வேண்டியது. இங்கு யாம் பேசுவது அவர் கல்வியைப் பற்றி மட்டுமே. சுப்பிரமணியமும் சுந்தர்சியும் போர்ச்சூழ்ச்சிச் சிந்தனையில் இந்தியா முழுமைக்கும் வழிகாட்டியவர்கள். இருவரும் தமிழகத்தில் பிறந்தவர்கள். அவர்தம் சிந்தனையோ ஆங்கிலத்திலேயே வந்தது. அதனைத் தமிழாக்கித் தமிழ்ப் பள்ளிகளின் நூலகங்களில் வைக்க நாம் என்ன செய்தோம்? ஆங்கிலத்தில் எழுதியது அவர்கள் குற்றமாகாது. பெயர்க்காதது நம் குற்றம்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாகப் படைஞரை ஈன்றதால் பெயர் பெற்றது. அத்தகைய ஊர்களின் திண்ணைகளில் 1965, 1971 போர்களைக் கண்ட முதியோர் இருந்தனர். சிலர் இன்றும் உள்ளனர். அவர்தம் பட்டறிவைக் கேட்டு எழுதிவைக்கத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குத் தடை விதித்தவர் எவர்? ஒவ்வொரு முதியவர் மறையும்போதும் எழுதப்படாத நூலொன்று எரிகின்றது.

செய்ய வேண்டுவன

முதலாவது: படை அலுவலர் தேர்வு வினாத்தாள்கள் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வழங்கப்படல் வேண்டும். படைஞர்க்குத் திறந்த கதவை அலுவலர்க்கும் திறக்க வேண்டும்.

இரண்டாவது: தேர்வு பெற்றோர்க்குக் கல்விக்கழகத்திலேயே முதலாண்டில் ஆங்கிலப் பயிற்சி தனியே அளிக்க வேண்டும்.

மூன்றாவது: வெலிங்டன் கல்லூரியின் ஆய்வேடுகளுக்குப் பட்டம் வழங்கும் சென்னைப் பல்கலைக்கழகம், வெளியிடத்தக்க ஆய்வேடுகளின் சுருக்கத்தைத் தமிழில் வெளியிட வேண்டும், தன் பாதுகாப்பியல் துறையில் தமிழ் ஆய்வேடுகளை வரவேற்க வேண்டும்.

நான்காவது: தமிழ்நாட்டரசு போரியற் கலைச்சொல் தொகுதி ஒன்றை ஓய்வுபெற்ற படை அலுவலரையும் தமிழறிஞரையும் ஒருங்கே இருத்தி ஆக்க வேண்டும். பொறியியலைத் தமிழில் கற்பிக்க 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் முன்வந்தது. போரியல் அதனினும் அரியதன்று.

ஐந்தாவது: ஓய்வுபெற்ற தமிழ் அலுவலர்களே! நீங்கள் எழுதுங்கள். உங்கள் ஊர் மாணவன் ஒருவன் உங்கள் நூலைப் படித்துக் கடக்வாசலாவுக்குச் செல்ல வேண்டும் என்று எண்ணி எழுதுங்கள். சொல் கிடைக்கவில்லையெனில் எழுதி அனுப்புங்கள். சொல்லாக்கித் தரத் தமிழ்ப் புலவர் உளர்.

நாட்டின் எல்லையில் விழும் தமிழ்மறவனின் உடல் கொடி போர்த்தப்பட்டு ஊருக்கு வரும்போது, அவன் குருதி எம்மொழியில் சிந்தியது என்று எவரும் கேட்பதில்லை. அவன் அறிவு எம்மொழியில் வளர வேண்டும் என்பதை மட்டும் பிறர் முடிவு செய்கின்றனர். இந்நிலை மாறும் வரையில், "வீர மதராசி" என்று தமிழனைப் பாராட்டுவது முதுகில் தட்டிக்கொடுத்துக் கீழ்ப்படியிலேயே அமர்த்தும் செயலாகவே இருக்கும்.

தமிழ் இளைஞனே! களத்தில் உன் தோள் எவர்க்கும் இளைத்ததன்று என்று மெய்ப்பித்துவிட்டாய். இனிக் கல்லூரியிலும் உன் மொழி எதற்கும் இளைத்ததன்று என்று மெய்ப்பிக்க எழு! உரிமையைக் கேள், நூலையும் எழுது. இரண்டும் ஒருங்கே நடக்கட்டும்!